ஓருடலா, ஈருடலா? கணினி போடும் கப்பல் கணக்கு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் வாசலில் நின்றால் கடல் தெரியாது, வண்டிகள்தான் தெரியும். ஆனால் வங்கக் கடலில் வானிலை மிதவைகளை நிறுத்துவதும் ஆழ்கடலில் கருவிகளை இறக்குவதும் இங்கிருந்துதான் திட்டமிடப்படுகின்றன. அதற்கென்றே சொந்தக் கப்பல்கள் உண்டு: 104 மீட்டர் நீளமுள்ள ‘சாகர் நிதி’, ‘சாகர் மஞ்சுஷா’, கரையோர ஆய்வுக்கான ‘சாகர் தாரா’, ‘சாகர் அன்வேஷிகா’. நான்கும் ஓருடல் கப்பல்கள்.

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து ‘ஆதித்யா’ என்ற படகு ஓடுகிறது. 75 பேர் பயணம் செய்யலாம். இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு அது. அதைக் கட்டிய நவால்ட் நிறுவனத்தை நிறுவிய சந்தித் தண்டாச்சேரி, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் படித்தவர். அவர் தேர்ந்தெடுத்தது ஈருடல்: ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றை மேலே இணைக்கும் ஒரு தளம். ஆங்கிலத்தில் கேட்டமரான் என்கிறார்கள். நம் கடற்கரைக் கட்டுமரத்தில் மரங்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடக்கும். நீரில் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. ஈருடல் படகில் எல்லா வித்தையும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பள்ளிக்கரணைக்காரர்கள் ஓருடலைத் தேர்ந்தெடுத்ததும் சரி, வைக்கத்தில் ஈருடலைத் தேர்ந்தெடுத்ததும் சரி. எது நல்ல கப்பல் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தோடு, எந்தத் தண்ணீரில் என்று கேட்டால் உண்டு. அந்தப் பதிலை எடுக்க ஒரு காலத்தில் கடற்படைகளிடம் மட்டுமே இருந்த வசதிகள் தேவைப்பட்டன. இன்று மடிக்கணினி போதும்.

காகிதத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 20 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் கொண்ட ஒரு நீளப் பெட்டி, நீரில் அரை மீட்டர் அமிழ்ந்து மிதக்கிறது. அது தள்ளும் நீர் 25 கன மீட்டர். உப்பில்லாத நீரானால் படகின் எடை 25 டன். இந்தப் பெட்டியை நீளவாக்கில் சரிபாதியாக அறுத்து, இரண்டு துண்டுகளையும் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 5 மீட்டர் தள்ளி வைத்து, மேலே தளம் போட்டு இணைப்போம். எடை அதே 25 டன், அமிழும் ஆழம் அதே அரை மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். மாறியது என்ன?

முதலில், நீரில் நனையும் பரப்பு. முன்பு 72.5 சதுர மீட்டர். இப்போது அறுத்த இடத்தில் இரண்டு புதிய சுவர்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் 10 சதுர மீட்டர். மொத்தம் 92.5. நீரின் உராய்வு இந்தப் பரப்பைப் பொறுத்தது. ஆக, அறுத்ததற்குக் கூலியாக உராய்வுத் தடை சுமார் 28 விழுக்காடு கூடிவிட்டது.

அடுத்தது நிலைத்தன்மை. படகு சாயும்போது அதை நிமிர்த்தும் வலு, நீர்மட்டத்தில் அதன் அகலம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓருடலில் அது அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு வளரும்; ஈருடலில் இரண்டு உடல்களுக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு வளரும். கப்பல் கட்டுவோர் இதை மீட்டரில் சொல்வார்கள். முதல் பெட்டிக்கு 1.04 மீட்டர். அறுத்த பெட்டிக்கு 12.8 மீட்டர். பன்னிரண்டு மடங்கு! பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் போய் நின்று வேடிக்கை பார்த்தாலும் ஈருடல் அசைந்து கொடுக்காததற்குக் காரணம் இந்த எண்தான்.

மூன்றாவது விஷயம் அலை. கப்பல் ஓடும்போது நீரைத் தள்ளி அலை எழுப்புகிறது. அலை எழுப்பச் செலவாகும் ஆற்றல் எஞ்சினிலிருந்து போகிறது. இதை முறையாக அளந்து காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1870களின் தொடக்கத்தில் டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, சிறு மாதிரிகளை அதில் இழுத்து அளந்தார். கப்பலின் வேகத்தை மட்டும் சொன்னால் போதாது, நீளத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் தந்த பாடம். வேகத்தை, நீளத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண்ணால் வகுத்தால் ஃப்ரூட் எண் கிடைக்கும். அது 0.2 அளவில் இருக்கும்வரை அலைத் தடை பெரிய செலவில்லை. 0.4-ஐ எட்டும்போது கப்பல் எழுப்பும் அலையின் நீளமும் கப்பலின் நீளமும் ஒன்றாகிவிடும். 0.5-க்கு அருகே பின்பக்கம் பள்ளத்தில் இறங்கி, கப்பல் தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏறத் திணறும். எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் டீசல்தான் கரையும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கணிதம் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஹென்றி மிச்செல் 1898-இல், ஒல்லியான கப்பல் ஒன்று எவ்வளவு அலைத் தடையைச் சந்திக்கும் என்பதற்கு ஒரு தொகையீட்டுச் சூத்திரம் எழுதினார். அழகான சூத்திரம். ஆனால் கையால் போட்டால் மாளாத கணக்கு. பல பத்தாண்டுகள் அதைச் சீந்துவார் இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது: சரக்குக் கப்பல்கள் எல்லாம் தடித்தவை, மிச்செலின் கணிதமோ மெல்லிய உடலுக்கானது. கணினி வந்தபோது முதல் தடை விலகியது. ஈருடல் படகுகள் பெருகியபோது இரண்டாவதும் விலகியது. அவற்றின் ஒவ்வொரு உடலும் மிச்செல் கற்பனை செய்ததைப் போலவே ஒல்லி. அடிலெய்டில் லியோ லசாஸ்கஸ் எழுதிய ‘மிச்லெட்’ என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

மிச்செலின் கணக்குப்படி, நீளமும் ஆழமும் மாறாதவரை அலைத் தடை அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முன்சொன்ன பெட்டிக்கு முனைகளைக் கூர்மையாக்கி இதைப் பொருத்திப் பார்க்கலாம். பாதி அகலமுள்ள ஒரு துண்டுக்கு அலைத் தடை கால் பங்கு. இரண்டு துண்டுகளுக்கும் சேர்த்து அரைப் பங்கு. உராய்வில் 28 விழுக்காடு நட்டம், அலையில் பாதி லாபம். எனவே அலைத் தடை, உராய்வுத் தடையின் பாதியைச் சற்றே தாண்டும் வேகத்தில்தான் ஈருடல் எரிபொருளை மிச்சம் பிடிக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அது கையைக் கடிக்கும். ஓருடல்–ஈருடல் வாதத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் ‘பாதி லாபம்’ என்பது இரண்டு உடல்களும் ஒன்றின் அலையில் மற்றொன்று சிக்காமல் இருந்தால்தான். நடைமுறையில் இரண்டின் அலைகளும் நடுவில் சந்திக்கும். மேடும் மேடும் சேர்ந்தால் தடை ஏறும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இன்செலும் மோலண்டும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், இடைவெளியைப் படகு நீளத்தின் 0.2 மடங்கிலிருந்து 0.5 மடங்குவரை மாற்றி மாற்றி அளந்தார்கள். ஈருடல் வடிவமைப்பவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது அந்த ஆய்வைத்தான். மூவுடல் கப்பலில் விளையாட்டு இன்னும் கூடுதல்: பக்கத்துச் சிறு உடல்களை முன்னும் பின்னும் நகர்த்தி, நடு உடலின் அலையை அடக்கலாம்.

கணினியின் பெருமை இங்கேதான் தெரிகிறது. மேக்ஸ்சர்ஃப் போன்ற ஒரு மென்பொருளைத் திறந்தால் படகின் உடல் திரையில் மூன்று கோணங்களில் கோடுகளாக விரியும். கோடுகளின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். மௌஸால் ஒரு புள்ளியைப் பிடித்து அரை அங்குலம் வெளியே இழுத்தால், அந்த இடத்தில் படகின் விலா புடைக்கும். பக்கத்து அட்டவணையில் தள்ளும் நீரின் அளவு, நனையும் பரப்பு, மிதப்பு மையம் எல்லாம் அந்தக் கணமே மாறும். இரண்டாவது உடலுக்குத் தனியாக வரைய வேண்டாம். பிரதி எடுத்து இடைவெளியை எண்ணாகக் கொடுத்தால் போதும். ஐந்து மீட்டர், ஐந்தேகால், ஐந்தரை என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தடைக் கோட்டை வரையச் சொல்லலாம். ஓருடலின் கோடு கீழே தொடங்கி நடுவில் செங்குத்தாக ஏறும். ஈருடலின் கோடு சற்று மேலே தொடங்கி மெதுவாக ஏறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் வேகம் எது என்று பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை.

பணம் இல்லாதவர்களுக்கு ஃப்ரீஷிப், டெல்ஃப்ட்ஷிப் இருக்கின்றன. நீர் ஓட்டத்தை இலட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஓப்பன்ஃபோமும் இலவசம்தான். ஆனால் ஒரு வேகத்துக்கு விடை சொல்லவே மணிக்கணக்கில் ஓடும். எனவே விவரமான வடிவமைப்பாளர் மிச்லெட் போன்ற வேகமான கருவியில் நூறு உடல்களைச் சலித்து, தேறிய நான்கைந்தை மட்டும் பெரிய கணக்குக்கு அனுப்புவார். கடைசி ஒன்று தொட்டிக்குப் போகும். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்பொறியியல் துறையில் 80 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இழுவைத் தொட்டி இருக்கிறது. 20 மீட்டர் படகைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 2 மீட்டர் மாதிரி. ஃப்ரூட் விதிப்படி அசல் படகின் 5.5 நாட் வேகத்துக்கு மாதிரியை நொடிக்கு 90 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு முறை இழுத்தபின் தண்ணீர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. இருந்தாலும் கணினி சொன்னதற்கு நீரே சாட்சி சொல்லும் இடம் அதுதான்.

இப்போது ஆதித்யாவுக்குத் திரும்பலாம். 20 மீட்டர் நீளம், சுமார் 5.5 நாட் வேகம். ஃப்ரூட் எண் 0.2. அலையில் மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. பிறகு ஏன் ஈருடல்? கூரையைப் பார்த்தால் விடை தெரியும். 7 மீட்டர் அகலக் கூரையில் சுமார் 140 சதுர மீட்டருக்குச் சூரியத் தகடுகள் பரவியிருக்கின்றன. அவை தரும் திறன் 20 கிலோவாட். இரண்டரை மீட்டர் அகல ஓருடலில் அந்தக் கூரையை ஏற்றினால் படகு கவிழ்ந்துவிடும். சரி, ஓருடலை 4 மீட்டராக அகலப்படுத்தலாமே? நம் பெட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தால், அதே 25 டன்னுக்கு நனையும் பரப்பு 95 சதுர மீட்டராகிறது. ஈருடலின் 92.5-ஐவிட அதிகம்! நிலைத்தன்மையோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். அகலமான தளம் வேண்டும், மெதுவாகப் போனால் போதும் என்ற இடத்தில் ஈருடல் வெல்வது இப்படித்தான். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் மின்கலப் படகுகளும் ஈருடல்களே.

பள்ளிக்கரணையின் கணக்கு வேறு. 43 மீட்டர் நீள ‘சாகர் அன்வேஷிகா’ 10 நாட் வேகத்தில் போனால் ஃப்ரூட் எண் 0.25, அலைத் தடை அச்சுறுத்தாது. மிதவை, நங்கூரச் சங்கிலி, வின்ச், நாள்கணக்குக்கு எரிபொருள், குடிநீர் என்று பாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஈருடலுக்குப் பாரம்தான் எதிரி. ஒல்லியான உடலில் கூடுதல் எடை ஏறினால் அது ஆழமாக அமிழும். குறுக்குத் தளம் நீருக்கு அருகே வரும். எதிரலை அதன் அடிவயிற்றில் சம்மட்டிபோல அடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் கால வங்கக் கடலில் இந்த அடி சாதாரணமாக இருக்காது. அலை மூலைவாட்டில் வந்தால் ஓர் உடலின் முனை மேலே எழ, மற்றதன் முனை கீழே போக, நடுவில் உள்ள இணைப்பு முறுக்கப்படும். அதைத் தாங்க இன்னும் உலோகம், இன்னும் எடை. பெரிய ஈருடல்கள் எஃகை விட்டு அலுமினியத்துக்குப் போனதற்குக் காரணம் இதுதான். 12.8 மீட்டர் நிலைத்தன்மைக்கும் ஒரு விலை உண்டு: அவ்வளவு விறைப்பான படகு சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். பயணிகளுக்குக் குமட்டும், தளத்தில் நிற்பவர்கள் தடுமாறுவார்கள்.

இரண்டு வகையையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் இந்தியக் கடற்படைக்கு உண்டு. 2012 செப்டம்பரில் கார்வாரில் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். மகர், கடலடியை அளக்கும் ஈருடல் கப்பல். நீளம் சுமார் 53 மீட்டர், அகலம் சுமார் 16 மீட்டர், எடை 500 டன் அளவு. கரையோர ஆழமில்லாத நீருக்கு ஏற்றது. 2022-இல் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி கட்டுதளத்தில் நீரில் இறக்கப்பட்டு 2024 டிசம்பரில் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். நிர்தேஷக்கும் கடலடியை அளப்பதுதான். ஆனால் அது ஓருடல்: சுமார் 110 மீட்டர் நீளம், 3,400 டன். அகலம் மட்டும் ஏறத்தாழ மகரின் அதே 16 மீட்டர்! ஏழில் ஒரு பங்கு எடையில் அதே அகலத் தளத்தை ஈருடல் தந்துவிட்டது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் நின்று வேலை செய்யும் வயிறு மட்டும் அதற்குக் கிடையாது.

தென்சென்னைக்குள்ளேயே இந்தக் கணக்குக்குக் காத்திருக்கும் இடங்கள் உண்டு. ஒன்று, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே போகும் பக்கிங்காம் கால்வாய். 2008-இல் அறிவிக்கப்பட்ட நான்காவது தேசிய நீர்வழியில் அதுவும் அடக்கம். சோழிங்கநல்லூரிலிருந்து தெற்கே பயணிகள் படகு ஓடுமானால் எந்த உடல் பொருத்தம்? அங்கே நீளத்தைவிட ஆழம் முக்கியம். 2 மீட்டர் ஆழத்தில் அலை அதிகபட்சம் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். படகு அந்த வேகத்தை நெருங்க நெருங்கத் தடை எகிறும், எழும் அலை கரையை அரிக்கும். ஆக 10 கிலோமீட்டருக்கு மேல் நினைக்க வேண்டாம். அது ஆதித்யாவின் வேகம், ஆதித்யாவின் உடல். ஆனால் கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டும் பகுதிகளில் இரண்டு உடல்களுக்கும் நடுவே செடி அடைத்துக்கொள்ளும். மென்பொருளின் அட்டவணையில் ஆகாயத்தாமரைக்குக் கட்டம் கிடையாது.

இன்னொன்று, கொட்டிவாக்கத்திலிருந்து கோவளம் வரை வரிசையாக இருக்கும் மீனவர் குப்பங்கள். 2004 சுனாமிக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. 9 மீட்டர் நீள ஃபைபர் படகு 8 நாட் வேகத்தில் போனால் ஃப்ரூட் எண் 0.44. அலை மேடு தொடங்கும் இடத்திலேயே அந்தப் படகு தினமும் ஓடுகிறது. காகிதக் கணக்கில் ஒல்லியான ஈருடலுக்கு இதைவிடத் தோதான வேகம் இல்லை. டீசல் செலவில் மூச்சுத் திணறும் ஒரு தொழிலுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் கோவளம் கரையில் படகு வந்து சேரும் விதத்தைப் பார்த்தவர்கள் உடனே தலையாட்ட மாட்டார்கள். அலை உடையும் இடத்துக்கு வெளியே படகு நிற்கும். ஓட்டுபவர் பின்னால் திரும்பி அலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு பெரிய அலை எழும்போது எஞ்சினை முடுக்கி அதன் முதுகிலேயே ஏறி வருவார். கரை தட்டும் நொடியில் எஞ்சினைத் தூக்க வேண்டும். அடுத்த அலை அடிப்பதற்குள் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஈருடலானால் ஓர் உடல் முதலில் மணலில் குத்தும், மற்றது நீரிலேயே மிதக்கும்; முறுக்கு முழுவதும் குறுக்குத் தளத்தில் இறங்கும். கட்டுமரம் இந்த இடத்தைத் தாண்டியது எப்படியென்றால், ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதற்கு உள்ளே இடமே இல்லை. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், நார்வேயின் கப்பல் வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சனோடு சேர்ந்து, கரையில் ஏறி இறங்கும் படகுகளைச் செய்து இந்தக் கடற்கரைகளிலேயே சோதித்தது. கரை தட்டும்போது மேலே தூக்கிக்கொள்ளும் எஞ்சின் அமைப்பு அந்த முயற்சியில் உருவானதுதான்.

அந்த வேலையைத் தொடர வேண்டியவர்கள் இன்று கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். கானத்தூரின் அமெட் பல்கலைக்கழகத்தில் கப்பல் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. செம்மஞ்சேரியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். தையூரில் ஐ.ஐ.டி.யின் புதிய வளாகத்தில் ஆழமற்ற நீரின் அலைகளை ஆராயும் பெரிய தொட்டி. மாணவர்களின் திரைகளில் எண்ணெய்க் கப்பலும் சொகுசுப் படகும் சுழல்வதில் தவறில்லை. ஆனால் சாலையைக் கடந்தால் மணலில் கிடக்கும் ஃபைபர் படகுக்கும் அந்தத் திரையில் ஓர் இடம் வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படும் எண்கள் எந்த மென்பொருளிலும் இல்லை: வலையும் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்படும் படகின் எடை, மீனோடு திரும்பும்போது அதன் எடை, ஒவ்வொரு நிலையிலும் அது எத்தனை விரற்கடை அமிழ்கிறது, ஒரு நாளுக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது. தராசும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கக் கரையில் நின்று இவற்றைக் குறித்து வந்தால், ஓருடலையும் ஈருடலையும் வரைந்து இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைச் சொல்ல ஒரு பிற்பகல் போதும்.